மாடனின் உள்ளங்கால்

விண்ணப்பத்தில் 'ஆராய்ச்சித் தேவைகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. மங்கையர்க்கரசி நான்கு வரி எழுதினாள். குளிர்பெட்டி. மரபணு வாசிப்பான், பழையது ஓடவில்லை. ஜீப்புக்கு டயர். சாமி, ஒன்று.

மறுநாளே தலைமையகத்திலிருந்து அழைத்தார்கள்.

"மேடம், நாலாவது ஐட்டம் புரியல."

"சாமி."

"அது புரியுது. தீர்ந்துபோற பொருளா, தீராத பொருளா? ரெண்டுக்கும் வேற வேற தலைப்பு."

மங்கை யோசித்தாள். "தீராததுன்னு போட்டுக்குங்க."

"அப்ப மூணு கொட்டேஷன் வேணும்."

சாமி தேவைப்பட்டது கருவேர் நோயால். மண்ணில் இருக்கும் ஒரு கிருமி. மனிதர்களின் காலில் ஒட்டிக்கொண்டு மலைக்குப் போனது. வேர் கறுக்கும், இலை மஞ்சளாகும், மரம் நின்றபடியே சாகும். முதலில் வெடிப்பலா மரங்கள் போயின. அவற்றின் பழத்தை நம்பியிருந்த சோலைமந்திகள் கீழே இறங்கி, பேருந்து நிலையத்தில் பரோட்டா தின்னப் பழகின.

தோட்டம் என்றால் மருந்தடிக்கலாம். காட்டில் எந்த மரத்துக்கு அடிப்பது, எவ்வளவு அடிப்பது, அடித்தால் வேறு எது சாகும்? யாருக்கும் தெரியாது. என்ன தெரியவில்லை என்று முடிவு செய்ய ஒரு மாநாடு கூட்டினார்கள். பூஞ்சை படித்தவர் பூஞ்சையைப் பற்றித்தான் தெரியவில்லை என்றார். செயற்கைக்கோள் ஆள் வானத்திலிருந்து இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்றார். பொருளாதார நிபுணர், மக்களிடம் கருத்துக் கேட்கவில்லை என்றார். மதியம் பிரியாணி நன்றாக இருந்தது.

பிறகு உள்ளங்கால் பூச்சு வந்தது. நீல நிறம். அது உயிருள்ள பூஞ்சை. ஒருமுறை பூசினால் தோலுக்குள் குடியேறிவிடும், சாகும்வரை போகாது. கருவேர்க் கிருமியைப் பட்டவுடன் தின்னும். பூசியவர் காட்டுக்குள் எங்கும் நடக்கலாம்.

ஒரு குறை. அந்தப் பூஞ்சை காட்டு மண்ணில் அடங்கிக் கிடந்தது. உழுத மண்ணில் ஆட்டம் போட்டது. நெல்லுக்கும் வாழைக்கும் சோறூட்டும் நல்ல பூஞ்சைகளையும் தின்று தீர்த்தது. செருப்பு போட்டாலும் கசிந்தது. ஏன் என்பது இன்னொரு ஆராய்ச்சித் தேவை.

எனவே சட்டம் வந்தது. பூச்சு உள்ள காட்டுக்கால் வயலில் இறங்கக்கூடாது. பூச்சு இல்லாத வயற்கால் காட்டில் ஏறக்கூடாது. ஒவ்வொரு வனவாசலிலும் ஒரு தட்டு வைத்தார்கள். ஏறி நின்றால் பச்சை அல்லது சிவப்பு. சிவப்பென்றால் காலில் கிருமி இருக்கிறது. மணமகள் தேவை விளம்பரங்களில் சாதிக்கு அடுத்ததாகக் கால் வந்தது.

மங்கைக்குக் காட்டுக்கால். கணவனின் ஊரில் வயலைத் தாண்டித்தான் வீடு. அவள் போனால் பேருந்திலிருந்து வாசல்வரை பலகை போடுவார்கள். மாமனார் இறந்தபோதும் பலகைமேல் நின்றுதான் அழுதாள். ரொம்ப நேரம் நிற்கவில்லை. பலகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

மலையில் ஒரே ஓர் இடத்தில் வெடிப்பலா பச்சையாக நின்றது. நாங்கடி மாடன் கோயில் தோப்பு. சுற்றி எல்லாம் செத்திருந்தது. ஏன் அங்கே மட்டும் சாகவில்லை? ஒரு பிடி மண் கிடைத்தால் தெரிந்துவிடும். மாடனின் ஊர் மலையடிவாரத்தில் இருந்தது. மங்கை கேட்கப் போனாள்.

ஊர்க்கோயில் முற்றத்தில் கூட்டம். முதலில் பேசியது உலகம்மாள். சாமியாடி பூதத்தானின் மனைவி.

"அங்கனயே நில்லுங்க டாக்டரம்மா. சிமெண்ட்ட விட்டு இறங்கிராதிய. இறங்குனா எங்க வாழை பட்டுப்போகும்."

"தெரியும்."

"உங்களுக்குத் தெரியும். உங்க காலுக்குத் தெரியணும்லா?"

மங்கை விஷயத்தைச் சொன்னாள். பூதத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஒல்லி, வெற்றிலை வாய், பக்கத்து வயலுக்குக் கேட்கிற குரல்.

"மண்ணு தாரதுல ஒண்ணுமில்ல. உள்ள போறது யாரு?"

"நான்."

"அது சாமி வேட்டைக்குப் போற எடம். மனுசன் போக மாட்டான். நானே போனதில்ல."

"ஒவ்வொரு கோயில் கொடைக்கும் நீங்கதானே போனீங்க அண்ணாச்சி?"

"நான் எங்க போனேன்? அவர்லா போனாரு. மறுநாள் எனக்குக் காலு வலிக்கும். அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

"இப்ப அதுவும் போச்சு" என்றாள் உலகம்மாள். "வாசல்ல தட்ட வச்ச நாள்ல இருந்து சாமி ஓடி வருதாரு, ஏறி நிக்காரு, செவப்பு எரியுது, திரும்பி வாராரு. மாடனையே தீட்டுன்னு சொல்லுது உங்க மிசினு."

"தீட்டு இல்ல. கிருமி."

"ரெண்டுக்கும் வாசல்லதான நிக்கணும்?"

மங்கை பேச்சை மாற்றினாள். "சாமி அண்ணாச்சி மேலதான் வரணுமா?"

"அது அவர் இஷ்டம்" என்றார் பூதத்தான். "யார் மேலயும் வரலாம்."

"காட்டுக்கால் உள்ளவங்க மேல?"

"வரலாம்."

"வேற சாதிக்காரங்க மேல?"

யாரோ இருமினார்கள். பூதத்தான் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். "வந்துட்டா நாம என்ன செய்ய முடியும்?" என்றார்.

அதனால்தான் நாலாவது வரி.

கள உதவியாளர் எபனேசருக்குக் காட்டுக்கால். நல்ல உயரம், குரலும் கனம். மங்கை அவரைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"மேடம், நான் சி.எஸ்.ஐ."

"தெரியும்."

"சபைக் கமிட்டில இருக்கேன் மேடம். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஐயர் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"ஆராய்ச்சிக்குன்னு சொல்லுங்க."

"எது, சாமியாடினதையா? வேணாம் மேடம். ஒரு நாள் விடியக்காலம் போய் அள்ளிட்டு வந்துருதேன். யாருக்குத் தெரியும்?"

"ஊருக்குத் தெரியும். தெரிஞ்சா அப்புறம் ஒரு பிடி மண்ணுகூடக் கிடைக்காது. சாரல் பிடிக்கிறதுக்குள்ள வேணும் எபனேசர். மழை வந்தா கிருமி நீந்த ஆரம்பிக்கும். இந்த வருஷத்தோட பாதி மலை முடிஞ்சிடும்."

எபனேசர் ஆய்வகத்தில் பழகினார். மங்கை செல்போனில் நையாண்டி மேளம் போட்டாள். அவர் நடுங்கினார். மேசையில் சோதனைக் குழாய்கள் கலகலத்தன.

"காய்ச்சல்காரன் மாதிரி இருக்கு" என்றாள்.

"எனக்கு உள்ளபடியே காய்ச்சல் வருது மேடம்."

கொடை நாள். மாடன் உச்சி வெயிலில்தான் வேட்டைக்குப் போவார். மேளக்காரர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு அடித்தார்கள். எபனேசர் முன்வரிசையில் நின்றார். ஊர் அவரையே பார்த்தது. அவர் கண்ணை மூடினார். தோள் ஆடியது. தலை ஆடியது. கால் தூக்கி வைத்தார். பெண்கள் குலவையிட்டார்கள். மங்கைக்கே ஒரு கணம் நம்பிக்கை வந்தது. நடுக்கத்தின் உச்சியில் அவர் வாயிலிருந்து "ஸ்தோத்திரம்!" என்று வந்தது.

மேளம் நின்றது.

"எந்தச் சாமிலே இது?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். எபனேசர் கண்ணைத் திறந்து, மங்கையைப் பார்த்து, பந்தலுக்கு வெளியே போய்விட்டார்.

சிரிப்பு அடங்குவதற்குள் பூதத்தான் மேல் வந்துவிட்டது. யாரும் எதிர்பார்க்கவில்லை. மேளம்கூட அடிக்கவில்லை. ஒரு உறுமல், ஒரு தாவல், அவ்வளவுதான். தார்ச்சாலையில் ஓடினார். மங்கை ஜீப்பில் ஏறி அவருக்கு முன்னால் வனவாசலுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

தட்டில் ஏறினார். சிவப்பு.

அவர் திரும்பவில்லை. இரும்புக் கதவைப் பிடித்து உலுக்கினார். கதவின் கீல் முனகியது. "தெறலே!"

மங்கைக்குப் பல விஷயங்கள் ஒரே நேரத்தில் தெரிந்தன. கதவு தாங்காது. வயற்காலோடு உள்ளே போனால் தோப்பில் கிருமி. மேற்கே மேகம். காவல் அறையில் பூச்சு டப்பா இருந்தது. எடுத்தாள்.

"சாமி, காலு சிவப்பா இருக்கு. இதைப் பூசினா பச்சை. கதவு திறக்கும். பூசட்டுமா?"

அவர் கதவை விட்டார். அவளைப் பார்த்தார். வலது காலை நீட்டினார்.

"பூசு பிள்ளே."

உலகம்மாள் சாலையில் ஓடி வந்துகொண்டிருந்தாள். தலைமுடி அவிழ்ந்திருந்தது. "பூசாதிய! டாக்டரம்மா, பூசாதிய! அது அந்த மனுசன் காலு, சாமி காலு இல்ல!"

மங்கைக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. இரண்டு காலுக்கும் பூசி முடித்தாள்.

பச்சை.

சாமி உள்ளே போனது. வெயில் சாய்வதற்குமுன் திரும்பியது. மூடிய கையில் மண். அதை மங்கையின் பெட்டிக்குள் விட்டுவிட்டு விழுந்தது. பூதத்தான் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, தண்ணி கொண்டா."

உலகம்மாள் அசையவில்லை. அவர் அவள் பார்த்த திசையில் பார்த்தார். தன் பாதங்கள். நீலம்.

பூச்சுக்கு ஒப்புதல் படிவம் உண்டு. ஒப்புதல் தந்தவர் பெயர் என்ற இடத்தில் மங்கை 'நாங்கடி மாடன்' என்று எழுதினாள். அதுதான் உண்மை. தலைமையகம் ஏற்றுக்கொண்டது. அடையாள அட்டை நகல் மட்டும் கேட்டார்கள்.

மண்ணில் விடை இருந்தது. தோப்பிலும் கருவேர்க் கிருமியேதான். ஆனால் சாது வகை. வேரில் முன்னாலேயே குடியேறிக்கொண்டு, கொல்லும் வகைக்கு இடமில்லாமல் செய்தது. ஒரு சரிவில் கொஞ்சம் மண்ணைத் தூவிப் பார்த்தார்கள். சாகக் கிடந்த மரங்கள் தளிர்விட்டன. எபனேசர் ஒரு தளிரைக் கிள்ளி முகர்ந்துவிட்டு அழுதார். பிறகு தும்மல் என்றார்.

மிச்ச மண்ணில் இருந்ததை ஆய்வகத்தில் வளர்க்கப் பார்த்தார்கள். வளரவில்லை. குளிரில் செத்தது, சூட்டில் செத்தது, ஊட்டம் கொடுத்தபோது உடனே செத்தது. மலை முழுவதற்கும் தோப்பு மண்தான் வேண்டும். அடுத்த கொடைவரை காத்திருக்க வேண்டும்.

பூதத்தான் காத்திருக்கவில்லை, உட்கார்ந்திருந்தார். வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு சிமெண்டுப் பாலம். அதன் கைப்பிடிச் சுவரில். எதிரே அவருடைய வாழை. காலை வெளியே தொங்கவிடாமல் மடக்கி வைத்திருந்தார்.

"ஏட்டி, அந்த மூணாவது கன்னுக்கு மண்ணணை!"

"வந்து அணைச்சிட்டுப் போறது!" உலகம்மாள் வயலுக்குள்ளிருந்து கத்தினாள்.

"அந்த மடைய இன்னும் கொஞ்சம் தெற."

"வாயால வெள்ளாம பாக்கதுக்கு நீரு என்ன அதிகாரியா? சும்மா இரும்."

அவர் சும்மா இருந்தார். கொஞ்ச நேரம்தான். "இடது பக்கம் பாருட்டி, சருகு தொங்குது."

மங்கை ஒருநாள் ஜீப்பை நிறுத்திவிட்டு அவரிடம் போனாள். இரண்டு பேரும் ஒரே சுவரில் உட்கார முடிந்தது. இருவருக்கும் காட்டுக்கால்.

"அண்ணாச்சி, என்னை மன்னிச்சிருங்க."

"என்கிட்ட எதுக்குக் கேக்கிய?" அவர் வயலைத்தான் பார்த்தார். "என்கிட்ட கேட்டா பூசுனிய? அவர்கிட்டல்லா கேட்டிய. மன்னிப்பும் அவர்கிட்டக் கேளுங்க."

"வேற வழி இல்லாம..."

"செரி செரி. வெயில்ல இருக்காதிய."

மறு கொடை. இந்த முறை எல்லாம் தயார். காட்டுக்காலோடு ஒரு சாமியாடி ஊரிலேயே இருந்தார். மங்கை பெட்டிகளோடு வந்தாள். எபனேசர் ஜீப்பைவிட்டு இறங்க மறுத்துவிட்டார்.

மேளம் தொடங்கியது. பூதத்தான் நடுவில் நின்றார். மாலை போட்டிருந்தார். மாடனின் ஈட்டியான வல்லயத்தைக் கையில் பிடித்திருந்தார். மேளம் ஏறியது. அவர் நின்றார். மேளம் உச்சிக்குப் போய் இறங்கி மறுபடி ஏறியது. ஊர் குலவையிட்டுக் களைத்தது. அவர் தன் பாதங்களைப் பார்த்தபடி நின்றார்.

"வரல" என்றார் கடைசியில். சின்னக் குரல். அவரிடம் அப்படி ஒரு குரல் இருப்பது யாருக்கும் தெரியாது.

"நீங்க சும்மா நடந்து போயிட்டு வரலாமே அண்ணாச்சி" என்றாள் மங்கை. "கால் பச்சைதானே?"

"நான் போய் என்ன செய்ய? அவர்லா போகணும்."

அப்போது பந்தலின் ஓரத்தில் குடம் ஒன்று உருண்டது. உலகம்மாள். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு அப்படியே வந்திருந்தாள். முழங்கால்வரை சேறு. உடம்பு உதறியது. உறுமல் வந்தது. அதே உறுமல். பூதத்தானின் கையிலிருந்து வல்லயத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

வனவாசல். தட்டு. சிவப்பு.

மேற்கே இடி. மேளக்காரர்களும் ஊரும் பின்னாலேயே ஓடி வந்தார்கள். சாமி வலது காலை நீட்டியது.

"பூசு பிள்ளே."

ஜீப்பில் முந்தி வந்திருந்த மங்கையின் கையில் டப்பா இருந்தது. பூதத்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். டப்பாவைப் பார்த்தார். அந்தக் காலும் நீலமானால் அந்த வீட்டில் வயலில் இறங்க ஆள் கிடையாது.

மங்கை டப்பாவை மூடினாள்.

"எபனேசர், தண்ணி."

"எவ்வளவு மேடம்?"

"இருக்கிறது எல்லாம். சோப்பு. பிரஷ். ஆய்வகத்து ஸ்பிரிட்."

ஆரம்பத்தில் வாசல்களில் தொட்டியும் சோப்பும்தான் வைத்தார்கள். ஆட்கள் பெருவிரலை நனைத்துவிட்டு நடந்தார்கள். கழுவுதல் பலனில்லை என்று அறிக்கை வந்தது. ஒழுங்காகக் கழுவினால் என்ன ஆகும் என்று யாரும் பார்க்கவில்லை. காலைக் கழுவ நிதி கேட்டு எந்த விஞ்ஞானியும் விண்ணப்பித்ததில்லை. மங்கையும்தான்.

வாசலோரம் கிடந்த பழைய தொட்டியை இழுத்துப் போட்டு, அவள் சாலையில் மண்டியிட்டாள். முழங்காலிலிருந்து தொடங்கினாள். சேறு போனது. சேற்றுக்குக் கீழே இன்னொரு சேறு. விரலிடுக்கு. நகத்தின் அடி. பித்தவெடிப்பு ஒவ்வொன்றும் ஒரு வாய்க்கால். ஈர்க்குச்சியால் மண்ணை எடுத்தாள்.

"இன்னும் எம்புட்டு நேரம்?" சாமி உறுமியது.

"ஆச்சு சாமி. கொஞ்சம் நில்லுங்க. அடுத்த காலு."

"ஏய், கூசுது!"

கூட்டத்தில் யாரோ சிரித்து, உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மேளக்காரர்கள் என்ன அடிப்பதென்று தெரியாமல் கொஞ்சம் நிதானமாக அடித்தார்கள். எபனேசர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "பெரிய வியாழன் அன்னைக்கு எங்க ஐயரும் இப்படித்தான் சபையார் காலக் கழுவுவாரு மேடம்" என்றார். "ஆனா அவர் வெரலிடுக்கெல்லாம் பாக்க மாட்டாரு."

தட்டில் ஏற்றினாள். சிவப்பு. மறுபடி கழுவினாள். சிவப்பு. மறுபடி. மங்கையின் விரல்கள் ஸ்பிரிட்டில் வெந்தன. சாமி பொறுமையாக நின்றது. வல்லயத்தை எபனேசரிடம் பிடிக்கக் கொடுத்தது. அவர் வாங்கிக்கொண்டார்.

மறுபடி தட்டில் ஏற்றினாள்.

பச்சை.

கதவு திறந்தது. சாமி வல்லயத்தை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடியது. ஊர் குலவையிட்டது. மங்கை எழுந்திருக்கப் பார்த்தாள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

பூதத்தான் பக்கத்தில் வந்து நின்றார். தட்டைப் பார்த்தார். தொட்டியில் கலங்கிய தண்ணீரைப் பார்த்தார். அது அவருடைய வயல் மண்.

"பச்சை" என்றார்.

"ஆமா அண்ணாச்சி."

"வெறும் சோப்பா?"

"சோப்பு. கொஞ்சம் ஸ்பிரிட்டு."

அவர் தலையாட்டினார். குனிந்து அவளுக்குக் கை கொடுத்தார். அவள் எழுந்து நிற்கும்வரை பிடித்துக்கொண்டார். பிறகு, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்டார்.

"போன வருசம் சோப்பு இல்லையா டாக்டரம்மா?"